ஊர் இளைஞர்களுக்கு என்ன செய்யலாம்? திட்டத்துக்குப் பஞ்சமில்லை, கூடப் போகிற ஆள்தான் இல்லை

கேள்வி இது: "திண்டிவனம் பக்கம் எங்கள் ஊர். சென்னையிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இரண்டு லட்ச ரூபாய் திரட்டியிருக்கிறோம். ஊரில் படித்துவிட்டு வீட்டிலேயே இருக்கும் பையன்களும் பெண்களும் அதிகம். சில பையன்கள் குடி, கஞ்சா என்று போய்விட்டார்கள். பெரிய பேச்சாளர் ஒருவரை அழைத்து வழிகாட்டி நிகழ்ச்சி நடத்தலாம், ஒரு ஜிம் வைத்துக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறோம். சரியாக இருக்குமா?"

நிகழ்ச்சியை முதலில் விட்டுவிடுங்கள். வடமாவட்ட ஊர்களில் படிப்பு வட்டம், நூலகம், கல்லூரிச் சேர்க்கை என்று பல வருடமாக இளைஞர்களோடு இருக்கிறேன், அதனால் நேராகவே சொல்கிறேன். பந்தல், மைக், சால்வை, சாப்பாடு என்று ஒரே நாளில் அறுபது எழுபதாயிரம் போய்விடும். மேடையில் பேசுகிறவர் கலாமைச் சொல்வார், கனவு காணச் சொல்வார், பிள்ளைகளும் கைதட்டுவார்கள். ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு வேறு ஒரு கேள்வி இருக்கும். அப்பா பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் ரேஷன் கார்டில் ஒரு மாதிரியும் இருக்கிறது, அதனால் வருமானச் சான்று நிராகரிக்கப்பட்டுவிட்டது, கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது, என்ன செய்வது? இதை அவள் மைக்கில் கேட்க மாட்டாள். கேட்டாலும் பேச்சாளருக்குப் பதில் தெரியாது.

தமிழ்நாட்டில் இளைஞர்களுக்கான திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு மேற்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. இரண்டுமே ஐடிஐ, பாலிடெக்னிக் படிப்பவர்களுக்கும் உண்டு, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 2020இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021இலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இதற்கு மேல் முதல் பட்டதாரி சலுகை, கல்வி உதவித்தொகை, ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி எல்லாம் இருக்கின்றன.

இத்தனையும் இருந்து ஏன் உங்கள் ஊர்ப் பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை என்றால், ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி இருக்கிறது, ஒரு சான்றிதழ் இருக்கிறது, ஒரு அலுவலக ஜன்னல் இருக்கிறது. படித்த அப்பா அம்மா இருக்கும் வீட்டில் அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கரும்பு வெட்டப் போகும் வீட்டில் யார் பார்ப்பது? சரியான வாரத்தில் அந்தப் பிள்ளையோடு கூடப் போக ஒரு ஆள் வேண்டும். உங்கள் பணத்தையும் நேரத்தையும் அந்த ஆளுக்காகச் செலவு செய்யுங்கள் என்பதுதான் என் பதில்.

உதாரணத்துக்கு எட்டாம் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு, பள்ளியில் எல்லோரும் என்எம்எம்எஸ் என்பார்கள். அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ எட்டாவது படிக்கும் பிள்ளை எழுதலாம், குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்ச்சி பெற்றுத் தேர்வுப் பட்டியலில் வந்துவிட்டால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000. தமிழ்நாட்டுக்கு ஒவ்வொரு வருடமும் 6,695 இடம் இருக்கிறது. தேர்வில் பாதி மனத்திறன் கேள்விகள், மீதி பாடக் கேள்விகள். மனத்திறன் பகுதியைப் பாடப் புத்தகத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் இரண்டு மூன்று மாதம் சாயங்காலம் உட்கார்ந்து பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தாலே பிடிபட்டுவிடும். எந்த ஊரில் ஒரு ஆசிரியரோ ஒரு அக்காவோ இதை வருடா வருடம் விடாமல் செய்கிறார்களோ அந்த ஊரிலிருந்து வருடா வருடம் பிள்ளைகள் தேர்வாகிறார்கள். பக்கத்து ஊரில் அப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரியாது. இரண்டு ஊருக்கும் பிள்ளைகளின் மூளையில் எந்த வித்தியாசமும் இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கும் கல்லூரி திறப்பதற்கும் நடுவில் இருக்கும் அந்த ஆறேழு வாரம். ஊரில் ஒரு பிள்ளையின் வாழ்க்கை திசை மாறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் மே மாதம் அங்கே இருந்து பாருங்கள். அரசு கலைக் கல்லூரிக்கு இணையத்தில் விண்ணப்பிக்க ஐம்பது ரூபாய்தான், ஆனால் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், விருப்ப வரிசையில் எதை முதலில் போடுவது என்று கேட்க ஆளில்லாமல் பிரவுசிங் சென்டர்காரர் போட்டுக் கொடுப்பதுதான் பலருக்கு விதி. வேண்டாத பாடத்தில் சேர்ந்து, இரண்டாவது செமஸ்டரில் நின்றுவிடுகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். முதல் பட்டதாரி சான்றிதழை ரிசல்ட் வந்த பிறகு கேட்டால் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், விஏஓவிலிருந்து தாசில்தார் அலுவலகம் வரை தேங்கிவிடும். ஆகவே சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி எல்லாவற்றையும் ஜனவரி, பிப்ரவரியிலேயே இ-சேவையில் போட்டுவிட வேண்டும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் மாதம் ஆயிரம் ரூபாய் அனுமதியாகியும் கணக்குக்கு வராமல் நிற்கும். இந்த ஒரு வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தால்கூட உங்கள் இரண்டு லட்சத்துக்கு நியாயம் கிடைத்துவிடும். பிளஸ் டூவில் தவறியவர்கள், பாஸாகியும் எங்கேயும் சேராதவர்கள், இவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்ப்பதற்கு மாநில அரசின் நான் முதல்வன் என்ற திறன் பயிற்சித் திட்டத்தின் கீழ் 'உயர்வுக்குப் படி' என்று முகாமே நடத்துகிறார்கள், அங்கேயே கல்லூரி, ஐடிஐ ஆட்கள் உட்கார்ந்து இடம் கொடுப்பார்கள். பெண் பிள்ளை தவறினால் அந்த வருடமே கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிடும், அதனால் துணைத்தேர்வுக்குப் பணம் கட்ட வைப்பதைக் கூட அவசர வேலையாக நினைக்க வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் என் அனுபவத்திலிருந்து சொல்வது. உங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்பதை உங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் எல்லோரையும் ஒரே கூட்டமாக உட்கார வைத்துக் கேட்கக் கூடாது. பதினாலு வயதுப் பையன் ஒன்று சொல்வான், இருபத்துநாலு வயது ஆள் வேறு சொல்வார். பெண்களைத் தனியாக, அவர்களுக்குப் பழக்கமான ஒரு பெண் கேட்க வேண்டும். ஊர்த்தெருவிலும் காலனியிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கத்துக் குரல்தான் வரும். என்ன வேண்டும் என்று வெறுமனே கேட்டால் 'கிரவுண்டு வேணும்ணா' என்று முடித்துவிடுவார்கள். நேற்று காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி வரை என்ன செய்தாய் என்று கேட்டுப் பாருங்கள், விஷயம் தானாக வரும். நான் கேட்ட ஊர்களில் பெண்கள் அடிக்கடி சொன்னது பஸ் நேரம். கல்லூரி முடிந்து வரும் டவுன் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது இருட்டின பிறகுதான், அதற்குப் பயந்தே லேப் வகுப்பு உள்ள பாடம் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். ஒரு பஸ் நேரத்தை அரைமணி தள்ளி வைக்கச் சொல்லிப் பணிமனை மேலாளருக்கு முப்பது மாணவிகள் கையெழுத்திட்டு மனு கொடுப்பதற்குச் செலவே கிடையாது.

கேட்பதில் இவ்வளவு என்ன இருக்கிறது என்று நினைத்தால் ஐஸ்லாந்தைப் பாருங்கள். ரொம்ப தூரத்து நாடு, பணக்கார நாடு, ஆனாலும் பாடம் இருக்கிறது. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் குடித்துப் போதையானதாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 சதவீதம். தினமும் சிகரெட் பிடிப்பவர்கள் 23 சதவீதத்திலிருந்து 3 சதவீதத்துக்கு வந்தார்கள். போதையின் தீமை பற்றிப் பள்ளியில் பாடம் எடுப்பதால் பெரிய பயனில்லை என்று தெரிந்து, பிள்ளைகளிடம் திரும்பத் திரும்ப சர்வே எடுத்தார்கள், யாரோடு நேரம் போகிறது, அப்பா அம்மாவோடு எவ்வளவு நேரம், சாயங்காலம் எங்கே இருக்கிறாய் என்று. முடிவுகளை அந்தந்த ஊருக்கும் பள்ளிக்கும் உடனுக்குடன் திருப்பிக் கொடுத்தார்கள். சாயங்கால நேரத்தில் விளையாட்டு, இசை, நடனம் என்று பெரியவர் ஒருவர் பொறுப்பில் நடக்கும் இடங்களுக்கு அரசுப் பணம் போனது, தலைநகர் ரெய்க்யவிக்கின் நகராட்சி இதற்காகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் வருடாந்திரத் தொகை ஒதுக்கியது. உங்கள் ஊர்ப் பையன்கள் கஞ்சா பக்கம் போவதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை அவர்களுக்குப் போக ஒரு இடம், பேச ஒரு பெரிய ஆள், இரண்டும் இல்லாத ஊரில் டாஸ்மாக் பக்கத்து மதகும் ஏரிக்கரையும்தான் இடம்.

சரி, இடம் எங்கே? புதிதாகக் கட்டத் தேவையில்லாமல் இருக்கலாம். 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் ஒரு நூலகம் கட்டினார்கள், விளையாட்டுத் திடல் அமைத்தார்கள். உங்கள் ஊரிலும் அந்தக் கட்டடம் இருக்க வேண்டும், பூட்டியிருக்கிறதா, நெல் மூட்டை கிடக்கிறதா என்று போய்ப் பாருங்கள். பொது நூலகத்துக்குச் சட்டம் போட்ட முதல் மாகாணம் நாம்தான், 1948இல். இன்றும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அப்படியிருந்தும் கிராம நூலகங்கள் பல இடங்களில் பூட்டிக் கிடக்கின்றன, எனக்கு இது பெரிய வருத்தம். பக்கத்துக் கர்நாடகாவில் கிராம நூலகங்களை நூலகத் துறையிடமிருந்து ஊரக வளர்ச்சித் துறைக்கு மாற்றி, 6 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இலவச உறுப்பினர் அட்டை கொடுத்து, ஊராட்சியின் நேரடிப் பொறுப்பாக்கினார்கள், அதற்குப் பிறகு பல ஊர்களில் அவை உயிர் பெற்றன. ஊராட்சி மனது வைத்தால் இங்கேயும் முடியும். ஒரு ட்யூப் லைட், இரண்டு மின்விசிறி, நீள மேசை, வைஃபை, குடிதண்ணீர், கட்டாயம் ஒரு கழிப்பறை. இவ்வளவுதான் வேண்டும்.

கட்டடத்தில் பெரிய வேலை இருந்தால் உங்கள் பணத்தை நேராகச் செலவழிக்காதீர்கள். நமக்கு நாமே திட்டம் என்று ஒன்று இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். ஒரு லட்சம் நீங்கள் கொடுத்தால் மூன்று லட்சத்துக்கு வேலை நடக்கும். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேளுங்கள். மதிப்பீடு, அனுமதி என்று மாதங்கள் ஆகும், ஆனாலும் பொறுமையாகப் போங்கள். பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்வதென்றால் அதற்கு நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி என்ற வழி தனியாக இருக்கிறது.

இடத்தைப் பற்றி இன்னொரு விஷயம், இதைப் பலர் பேசத் தயங்குவார்கள். நூலகமும் திடலும் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது யார் வருவார்கள் என்பதைத் தீர்மானிக்கும். கோயில் தெருவில் இருந்தால் காலனிப் பிள்ளைகள் வர மாட்டார்கள், வந்தாலும் ஒரு வாரத்தில் யாராவது ஏதாவது சொல்லி நிறுத்திவிடுவார்கள். காலனியில் இருந்தால் மற்றவர்கள் அனுப்ப மாட்டார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரைக்கும் அதில் பேசப்பட்டிருக்கிறது. நம் வடக்குப் பக்கம் அப்படியில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம், இங்கே கிரிக்கெட் டீம் எப்படிப் பிரிந்திருக்கிறது, டோர்னமென்ட் நோட்டீஸில் யார் படம் போடுகிறார்கள் என்று பார்த்தாலே போதும். ஆகவே இடம் பள்ளிக்கூட வளாகத்திலோ ஊராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்திலோ, அதாவது எல்லோரும் எப்படியும் போய் வரும் இடத்தில் இருக்க வேண்டும். பொறுப்பாளர்கள் இரண்டு பேராவது இருக்கட்டும், இரண்டு பகுதியிலிருந்தும். முதல் நாளிலிருந்தே இதை உறுதியாகச் செய்யுங்கள், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றால் அது நடக்காது. உங்கள் நண்பர்கள் குழுவிலேயே எத்தனை பகுதி ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு எந்த நேரம் சரி என்று கேட்டு அந்த நேரத்தை அவர்களுக்கென்றே ஒதுக்குங்கள். நான் பார்த்தவரை நாலரையிலிருந்து ஆறரை வரை. தெரு விளக்கு எரிய வேண்டும், உள்ளே பொறுப்பில் ஒரு பெண் இருக்க வேண்டும், வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டு யாரும் நிற்கக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் அம்மாக்களே அனுப்புவார்கள். மகளிர் குழுக் கூட்டத்தையே அந்த இடத்தில் அதே நேரத்தில் வைத்துவிடுங்கள், அம்மா அங்கே இருந்தால் பெண்ணும் இருப்பாள். சென்னையில் வேலை கிடைத்தும் எங்கே தங்குவது என்ற ஒரே காரணத்தால் போக முடியாமல் இருக்கும் பட்டதாரிப் பெண்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் அரசு நடத்தும் தோழி விடுதி பற்றி அவர்கள் அப்பாவிடம் உட்கார்ந்து பேச ஒரு பெரிய மனிதர் வேண்டும். வாய்ப்பு இருந்தால் ஒருமுறை அப்பாவையே அழைத்துக்கொண்டு போய் அந்த விடுதியைக் காட்டிவிட்டு வாருங்கள். நூறு விழிப்புணர்வு நோட்டீஸ் செய்யாததை அது செய்யும்.

அடுத்து டிஎன்பிஎஸ்சி. படிப்பகம் திறந்தால் முதலில் வந்து உட்காருபவர்கள் குரூப் 4 படிப்பவர்கள்தான். அவர்களிடம் உண்மையைப் பேச வேண்டும். 2024 குரூப் 4க்கு 6,244 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, பிறகு இடங்களைக் கூட்டினார்கள், ஆனால் விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இதைச் சொன்னால் மனம் தளர்ந்துவிடுவார்கள் என்று மறைக்கக் கூடாது. எழுதட்டும், நன்றாகவே எழுதட்டும், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி இருக்கிறது, தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது, ரயில்வே, வங்கி, எஸ்எஸ்சி தேர்வுகளுக்கு நான் முதல்வன் பயிற்சியும் இருக்கிறது. ஆனால் எத்தனை முயற்சி, எந்த வயது வரை என்று ஆரம்பத்திலேயே ஒரு எல்லை வைத்துக்கொள்ளவும், கூடவே ஒரு வேலையோ தொழிலோ கற்றுக்கொள்ளவும் சொல்லுங்கள். இருபத்தொன்பது முப்பது வயதில், கையில் எந்தத் தொழிலும் இல்லாமல், ரெண்டு மார்க்கில் போச்சு என்று சொல்லிக்கொண்டு நிற்கும் ஆண்களின் தலைமுறை ஒன்று நம் மாவட்டங்களில் உருவாகிக்கொண்டிருக்கிறது. அவர்களிடம் திறமைக்குக் குறையில்லை. இருபத்துநாலு வயதில் அவர்களிடம் உட்கார்ந்து பேச ஆள் இருந்ததில்லை.

வேலை என்று வந்தால் உங்கள் பக்கத்துப் பையன்களுக்குத் தெரிந்தது ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி, பெண்களுக்குச் செய்யாறு பக்கத்து ஷூ கம்பெனி. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஊருக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. அதைக் குறைவாக நினைக்கக் கூடாது, எத்தனையோ வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் கடன் அடைகிறது. பிரச்சினை, டிரெய்னி என்றும் கான்ட்ராக்ட் என்றும் எடுத்து ஒரு கட்டத்தில் அனுப்பிவிடுவார்கள், திரும்பி வரும் பையனிடம் சொல்லிக்கொள்ளும்படி சான்றிதழ் எதுவும் இருக்காது. அதனால் பத்தாவது முடித்த பிள்ளைக்கு ஐடிஐயை நல்ல வழி என்று துணிந்து சொல்லுங்கள். அரசு ஐடிஐயில் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு, மேலே சொன்ன ஆயிரம் ரூபாயும் தனி. எட்டாவது படித்தவர்கள் சேரக்கூடிய பிரிவுகளும் இருக்கின்றன, பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. 71 அரசு ஐடிஐகளைப் புதிய இயந்திரங்களோடு நான்காம் தலைமுறைத் தொழில் மையங்களாக மாற்றியிருக்கிறார்கள், ரோபோ, கணினியால் இயங்கும் சிஎன்சி இயந்திரம் எல்லாம் அங்கே சொல்லித் தருகிறார்கள். சேர்வதற்கு முன் அப்பா அம்மாவோடு ஒருநாள் போய்ப் பட்டறையைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், 'ஐடிஐயா?' என்று முகம் சுளிப்பது அதோடு போய்விடும்.

சொந்தத் தொழில் ஆசை உள்ளவர்களுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் முன்னோடி வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, உங்கள் விழுப்புரத்தில் இந்தியன் வங்கி. கைபேசி பழுது, சிசிடிவி பொருத்துவது, தையல், ஆடு மாடு வளர்ப்பு என்று பயிற்சி, சாப்பாடு உட்பட இலவசம். 1982இல் கர்நாடகாவின் உஜிரேயில் தொடங்கிய மாதிரிதான் பிறகு நாடு முழுக்க வந்தது. பயிற்சிக்குப் பிறகு மாவட்டத் தொழில் மையம் மூலம் கடன் வாங்கினால், படித்த வேலையற்றோருக்கான திட்டத்தில் 25 சதவீத மானியம், ஆதிதிராவிடர், பழங்குடி இளைஞர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35 சதவீதம். இங்கேயும் கூடப் போகிற ஆள் கதைதான். தனியாகப் போகும் இருபத்திரண்டு வயதுப் பையனை வங்கி மேலாளர் நிமிர்ந்து பார்க்க மாட்டார், ஊரில் கணக்கு வைத்திருக்கும் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

ஜிம் பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதல் செலவாக வேண்டாம். பதினாறிலிருந்து இருபத்தைந்து வயது ஆண்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும், ஒரு வருடத்தில் கேபிள் அறுந்து கிடக்கும். 2024 பிப்ரவரியில் மாநிலத்தின் எல்லா ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு என்று 33 வகைப் பொருட்கள் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. உங்கள் ஊராட்சிக்கு வந்தது எங்கே என்று முதலில் கேளுங்கள், ஊராட்சி அலுவலக அறையில் பிரிக்காமல் இருந்தாலும் ஆச்சரியமில்லை. பந்தும் வலையும் இருக்கிறதென்றால் திடலுக்கு விளக்கு போடுங்கள், ஒரு கபடி அல்லது வாலிபால் பயிற்சியாளருக்கு வாரத்தில் மூன்று நாள் வந்து போகச் செலவுக்குக் கொடுங்கள். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிய நடராஜன் 2020 இறுதியில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காகப் பந்து வீசினார். அவருக்குள் திறமை இருப்பதைப் பார்த்து விடாமல் சென்னை வரைக்கும் கொண்டுபோன ஒரு அண்ணன் ஊரிலேயே இருந்தார். பிறகு நடராஜன் தன் ஊரிலேயே ஒரு மைதானம் கட்டினார், 2023இல் திறந்தார்கள். எல்லோரும் நடராஜன் ஆக வேண்டியதில்லை, சாயங்காலம் வியர்க்க விளையாடி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினாலே பாதிக் கவலை தீரும்.

ஏற்கனவே போதையில் சிக்கிய பையன்களை ஊர்க்கூட்டத்தில் நிறுத்தி அவமானப்படுத்துவதை மட்டும் செய்யாதீர்கள், அது அவர்களை அந்தக் கூட்டத்தோடேயே சேர்த்துவிடும். விற்பவன் யார் என்று தெரிந்தால் போதைப்பொருள் புகார் எண் 10581க்குச் சொல்லலாம். மனம் உடைந்திருக்கும் பிள்ளைக்கு, முக்கியமாக ரிசல்ட் வரும் நாட்களில், 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே ஆலோசகர்கள் பேசுகிறார்கள், எந்த நேரமும். அந்த எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள். அதோடு ரிசல்ட் வரும் அன்று தவறிய பிள்ளைகளின் வீட்டுக்கு யாராவது ஒருவர் சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும், பாஸானவர்களுக்கு ஃப்ளெக்ஸ் வைப்பதைவிட அது முக்கியம்.

இப்போது பணம். அந்தக் கூடப் போகிற ஆள் யார்? வெளியிலிருந்து கொண்டுவர வேண்டாம். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்த பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், மாதம் ஆயிரம் ரூபாய்க்குச் சாயங்காலம் சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள், ஊரில் எந்தப் பிள்ளை எந்த வகுப்பு, எந்த வீட்டில் என்ன பிரச்சினை என்று அவர்களுக்கு மனப்பாடம். அப்படி ஒருவரைப் பகுதி நேரமாகப் பொறுப்பில் வையுங்கள், மாதம் ஐயாயிரம் கொடுங்கள், வருடத்துக்கு அறுபதாயிரம். தாலுகா அலுவலகம், கல்லூரி என்று அலைய வழிச்செலவும் போன் செலவும் தனியாக ஒரு பத்துப் பதினைந்தாயிரம். இப்படிப் பார்த்தால் இரண்டு லட்சத்தில் இரண்டு வருடம் ஓட்டிவிட்டுக் கையில் மிச்சமும் இருக்கும். சேவைதானே, சும்மா செய்யட்டும் என்று மட்டும் நினைக்காதீர்கள். சம்பளம் இல்லாத வேலையை வீட்டில் ஆறு மாதத்துக்கு மேல் அனுமதிக்க மாட்டார்கள், அவர் நின்றால் எல்லாம் நிற்கும். அவரிடம் ஒரு நோட்டு இருக்கட்டும், எட்டாவதிலிருந்து இருபத்தைந்து வயது வரை ஊரில் உள்ள ஒவ்வொரு பிள்ளை பெயரும், இப்போது என்ன செய்கிறது, அடுத்து என்ன தேதி என்று. வெளியூரில் இருக்கும் நீங்கள் ஆளுக்கு நாலைந்து பிள்ளைகளை எடுத்துக்கொண்டு மாதம் இரண்டு முறை போனில் பேசுங்கள். படிப்பு பற்றி மட்டும் கேட்காமல் சாதாரணமாகப் பேசுங்கள். வரவு செலவுக் கணக்கை இளைஞர்களையே எழுதச் சொல்லி வாசலில் ஒட்டச் சொல்லுங்கள்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருடத்தில் ஆறு நாள். பதினெட்டு வயதான எல்லோரும் உறுப்பினர், இருபத்தொன்று ஆனால் ஊராட்சித் தேர்தலிலேயே நிற்கலாம், இது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. அடுத்த வருடத்துக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை அக்டோபர் 2இல் இருந்துதான் தயாரிக்க ஆரம்பிக்கிறார்கள். நூலகத்துக்கு விளக்கு, திடலுக்கு வேலி, பெண்கள் கழிப்பறை எது வேண்டுமானாலும் அந்தக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதிவாக வேண்டும், வாய்ப் பேச்சாகச் சொன்னால் நிற்காது. ஒரே பக்கத்தில் மனு எழுதி, பையன்களும் பெண்களுமாக இருபது முப்பது பேர் கையெழுத்துப் போட்டு, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தலைவரிடம், தலைவர் இல்லாத காலமென்றால் தனி அலுவலரிடம் கொடுத்து, ரசீது வாங்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் அதை வாசிப்பது நீங்களாக இருக்க வேண்டாம். கல்லூரி முதலாண்டு படிக்கும் ஒரு பெண்ணை வாசிக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள்.